கழித்தபின் எஞ்சுவது

இறுதியாண்டு ப்ராஜெக்டின் இரண்டாவது ரிவியூ. நான்கு மாணவர்கள் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார்கள். ஏறக்குறைய நேர்கோடு. "நாய்ஸ் சுத்தமா போயிடுச்சு மேம்" என்றான் ஒருவன். அவ்வளவு மகிழ்ச்சி அவன் முகத்தில்.

"குழந்தை எங்கேப்பா?" என்று கேட்டேன்.

கர்ப்பிணியின் வயிற்றில் ஒட்டிய மின்முனைகளின் பதிவிலிருந்து கருவின் இதயத்துடிப்பைப் பிரித்தெடுப்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. அந்தப் பதிவில் தாயின் துடிப்பு பெரிதாக விழும். குழந்தையுடையது அதனடியில் கிடக்கும். இரண்டின் அதிர்வெண்களும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் சாதாரண ஃபில்டர் பயன்படாது. 1975-ல் பெர்னார்ட் விட்ரோவும் அவர் குழுவினரும் ஒரு வழி காட்டினார்கள். தாயின் மார்பில் தனியாகப் பதிவு எடுக்க வேண்டும். அங்கே கேட்பது தாயின் இதயம்தான். அது வயிற்றை அடையும்போது எப்படி உருமாறுகிறது என்பதை ஃபில்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டு கழிக்கும். கணக்கில் 'பிழை' என்று பெயர் பெற்றிருக்கும் மிச்சம்தான் குழந்தை.

இதை நடத்தும்போதெல்லாம் எனக்கு யாக்ஞவல்கியர் நினைவு வரும். பிருகதாரண்யக உபநிடதத்தில் அவர் கைக்கொள்ளும் நேதி நேதியும் ('இதுவல்ல, இதுவல்ல') கழித்தல்தானே? அல்லாதவற்றை விலக்கிக்கொண்டே போனால் மெய் எஞ்சும் என்று பல வருடங்களாக நம்பியிருந்தேன். அந்த நேர்கோடு என்னை உலுக்கிவிட்டது.

நடந்தது இதுதான். மாணவர்கள் எடுத்தது போலந்தில் பதிவான ஒரு பொதுத் தரவு. பிரசவ வேளையிலிருந்த 5 பெண்கள். ஒவ்வொருவருக்கும் வயிற்றிலிருந்து 4 சேனல், குழந்தையின் தலையில் நேரடியாக வைத்த முனையிலிருந்து ஒன்று. மார்புப் பதிவு கிடையாது. அதனால் ஒரு வயிற்றுச் சேனலை வைத்தே இன்னொன்றைக் கழித்திருக்கிறார்கள். கழிக்க எடுத்ததிலும் குழந்தை இருந்தது. தாயோடு அதுவும் போய்விட்டது.

நானும் அப்படிக் கழித்தவள்தான். அம்மா படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில், விடியற்காலை தியானம் தவறுகிறதே என்று நான் தவித்ததுண்டு. மருந்து, கஞ்சி, துணி மாற்றுவது எல்லாவற்றையும் இடைஞ்சல் கணக்கில்தான் எழுதினேன். அம்மாவை அறிந்துகொள்ளாமலே விலக்கினேன். நான் தேடியது அந்த அறையில்தான் இருந்தது என்று இன்று நினைக்கிறேன். உறவு பொய், உலகம் பொய் என்று சொல்ல ஒருவருக்குத் தகுதி வேண்டும். அவற்றை முழுக்க அறிந்ததுதான் அந்தத் தகுதி.

மாணவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். தாயின் ஒவ்வொரு துடிப்பையும் அடையாளம் கண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தார்கள். குழந்தையின் இதயம் தாயின் தாளத்துக்குத் துடிப்பதில்லை. ஆகவே சராசரியில் அது கரைந்துபோகும், தாயின் வடிவம் மட்டும் துலங்கும். அந்த வடிவத்தைத் துடிப்புக்குத் துடிப்பு கழித்தார்கள். சின்னச் சின்ன முட்களாகக் குழந்தை எழுந்து வந்தது. தலைமுனைப் பதிவோடு வைத்துப் பார்த்தோம். பொருந்தியது.

அறிக்கையில் ஓர் அத்தியாயத்துக்குத் 'தாய்வழி இரைச்சல்' என்று தலைப்பிட்டிருந்தார்கள். 'தாயின் துடிப்பு' என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள்.