இறந்தவர் விட்டுச் சென்ற கணக்கு



நவம்பர் மாதம் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கென்று திருச்சபை ஒதுக்கியிருக்கும் மாதம். இம்மாதம் நெருங்கும்போதே ஞாபகார்த்த அறிவித்தல்கள் பத்திரிகை அலுவலகத்துக்குக் கட்டுக்கட்டாய் வரத் தொடங்கிவிடும். அவற்றை வாசித்து, பிழை திருத்தி, படம் சேர்த்து அச்சுக்கு அனுப்புவது என் வேலை. எல்லாரும் பாசமிகு தந்தை. எல்லாரும் பண்பின் சிகரம். எல்லாரும் குடும்ப விளக்கு. கடன்பட்டுச் செத்தவர் ஒருவர் இல்லை, மனைவியை அடித்தவர் ஒருவர் இல்லை, தம்பியின் காணியை எழுதி வாங்கியவர் ஒருவரும் இல்லை. குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. இறந்தவரைப் பற்றி நல்லதே பேசவேண்டும் என்பது நம்மவர் வழக்கம், அது மரியாதை. ஆனால் மரியாதை வேறு, மன்றாட்டு வேறு. யாதொரு குறையும் இல்லாதவருக்காக நாம் எதற்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம்?

இறந்தோர் திருப்பலிகளில் மக்கபேயர் இரண்டாம் ஆகமம், 12ஆம் அதிகாரம் வாசிக்கப்படுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். போரில் விழுந்தவர்களுக்காக யூதா மக்கபே ஏறக்குறைய 2,000 வெள்ளித் திராக்மா சேர்த்து, பாவப் பரிகாரப் பலிக்கென்று யெருசலேமுக்கு அனுப்பிய சம்பவம் அது. வாசகம் வழக்கமாக 43ஆம் வசனத்தில்தான் தொடங்கும். அதற்கு மூன்று வசனங்களுக்கு முன்னால் சொல்லப்பட்டதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வீரர்களின் சடலங்களை எடுத்து அடக்கம்பண்ணப் போனவர்கள், அவர்களுடைய சட்டைக்குள் ஒவ்வொருவரிடத்திலும் யம்னியா ஊர் விக்கிரகங்களின் தாயத்தைக் கண்டார்கள். யூதருக்கு விலக்கப்பட்ட பொருள் அது. கண்டவர்கள் அதை மறைத்துப் புதைத்துவிட்டுப் போகவில்லை; வாயைப் பொத்திக்கொள்ளவுமில்லை. சட்டைக்குள் இருந்ததைப் பார்த்த பிறகுதான் மன்றாடினார்கள். பார்த்த பிறகுதான் பணம் சேர்த்தார்கள். இறந்தோருக்காகச் செபிப்பதற்கு வேதாகமம் நமக்குத் தரும் பெரிய ஆதாரம், இறந்தவர்களின் ஒளித்துவைத்த பாவம் வெளிப்பட்ட இடத்திலேயே இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் ஒருவருடைய சட்டைக்குள் என்ன இருந்தது என்பதை என் தாயாரின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். அவர் என் தாயாரின் தம்பி. எங்களுக்குச் சின்ன மாமா. திம்புள்ளப் பகுதியில், தலவாக்கலைக்கும் லிந்துலைக்கும் நடுவே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில், கொழுந்துக் கூடைக்கும் முள்ளுக்கும் தப்பி, துரைமார் கிளப் ஒன்றில் டென்னிஸ் பந்து பொறுக்கும் பையனாகச் சேர்ந்தார். சில வருடங்களில் பில்லியட் அறைக்கு மார்க்கர் ஆனார்.

மார்க்கர் என்றால் புள்ளி எண்ணிச் சொல்லுகிறவர் என்று மட்டும் நினைக்கக்கூடாது. பில்லியட் மேசை பன்னிரண்டு அடி நீளம், ஆறடி அகலம். பச்சைக் கம்பளித் துணிக்கு அடியில் கனத்த கற்பலகை. நம் மலைநாட்டு மழையிலும் மூடுபனியிலும் துணி ஈரம் பிடித்தால் பந்து சோர்ந்துவிடும். ஆகவே துணியைத் தூரிகையால் ஒரே போக்காய்த் தேய்த்து, இஸ்திரிப் பெட்டி போட்டுச் சூடாக்கி வைக்கவேண்டும். கம்புகளின் நுனித்தோலைச் சீவி ஒட்டவேண்டும். துணைக்கு ஆள் இல்லாத துரை வந்தால் அவரோடு ஆடவும் வேண்டும். அதில்தான் சூட்சுமம் இருந்தது. துரையை மார்க்கர் வெல்லக்கூடாது என்று எழுதிய சட்டம் எங்கும் இல்லை. ஆனால் மார்க்கருக்குத் தெரியும். படுதோல்வி அடைந்தாலும் துரைக்குச் சலிப்பு வரும். ஆகவே மூன்று புள்ளி, நான்கு புள்ளி வித்தியாசத்தில், வியர்க்க வியர்க்க ஆடித் தோற்கவேண்டும். நன்றாய் ஆடுகிறவன் ஆடத் தெரியாதவனைப்போல் நடிப்பது எப்படி என்பதைச் சின்ன மாமா வெள்ளைச் சட்டை போட்டுச் சம்பளத்துக்குத்தான் படித்தார். பாவத்துக்கு நான் நியாயம் தேடவில்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் அதைக் கற்றார் என்பதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

இந்த ஆட்டத்துக்கும் நம் மலைகளுக்கும் பழைய உறவு உண்டு. ஸ்னூக்கர் என்னும் ஆட்டத்தை 1875ல் இந்தியாவில் ஜபல்பூர் இராணுவ முகாமில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி உண்டாக்கினார் என்றும், 1882ல் ஊட்டிக் கிளப்பில் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டன என்றும் சொல்லுவார்கள். அந்த ஊட்டி நம் பாட்டன்மார் கப்பலேறிய தமிழ்நாட்டின் மலை. நுவரெலியா ஹில் கிளப் 1876ல் தொடங்கியது. அங்கும் பில்லியட் அறை உண்டு. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், 1975ல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்ததும் வெள்ளைத் துரைமாரின் காலத்தை முடித்துவைத்தன. கிளப்புகளில் விளக்குகள் குறைந்தன. மார்க்கருக்கு வேலை போயிற்று. கையில் இருந்தது ஒரே ஒரு வித்தை.

அந்த வித்தையைக் கொண்டு ஏறக்குறைய முப்பது வருடம் பிழைத்தார். ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி, கொழும்பு என்று மேசை இருக்கும் இடமெல்லாம் பஸ்ஸிலும் ரயிலிலும் போவார். சொந்தக் கம்பு கொண்டுபோகமாட்டார். சுவரில் சாத்தியிருப்பதில் வளைந்ததாய்ப் பார்த்து எடுப்பார். முதல் ஆட்டம் தோற்பார், இரண்டாவதும் தோற்பார். எதிராளியின் கையை மனதாரப் புகழ்வார். "இனி ஒரு ஆட்டம், காசைக் கொஞ்சம் கூட்டுவோம், போன பணம் வந்தால் போதும்" என்பார். அதில் வெல்லுவார், ஆனால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளியில்தான். தோற்றவன் தன் கை மோசம் என்று நினையாமல், அதிர்ஷ்டம் தவறிப்போயிற்று என்றே நினைத்து மறுபடியும் பணம் வைப்பான். எழுந்து போகும்வரைக்கும் அவன் தான் யாரோடு ஆடினோம் என்று அறியமாட்டான்.

அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களுக்குப் புகழே உண்டு. 1961ல் பால் நியூமன் நடித்து இவர்களைப் பற்றி ஒரு படம் வந்தது. அதில் வரும் பாத்திரம் ஒன்று தாமே என்று சொல்லி ருடால்ப் வாண்டரோன் என்ற ஆட்டக்காரர் சாகும்வரை பேர்பெற்று வாழ்ந்தார். கதையை எழுதியவர் இல்லவே இல்லை என்று மறுத்துக்கொண்டிருந்தார். பிறருடைய பேரில் வாழ்வதும் ஒருவகைப் பந்தயம்தான் போலும்! நம் நாட்டில் அப்படிப் புகழ் கிடையாது. இங்கே புகழ் எம்.ஜே.எம். லாபீருக்குக் கிடைத்தது, அதுதான் நியாயம். 1973ல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியட் போட்டியில் வென்று, இலங்கைக்கு உலகப் பட்டம் கொண்டுவந்தவர் அவர். 1981ல் காலமானார். சின்ன மாமாவின் தகரப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த பத்திரிகைப் படம் அந்தோணியாருடையதல்ல, லாபீருடையது. ஒரே மேசை, ஒரே பச்சைத் துணி, ஒரேவகைப் பந்துகள். ஒருவர் தமக்கு இருந்த திறமை முழுவதையும் உலகத்தார் முன்னே காட்டினார். மற்றவர் அதை ஒளித்தே வாழ்ந்தார். தம்முடைய முழு ஆட்டத்தையும் சின்ன மாமா வாழ்நாளில் யாருக்காவது காட்டியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். அது அவருக்குக் கிடைத்த தண்டனைகளில் ஒன்று என்று நினைக்கிறேன்.

இனி, அந்தப் பணத்தின் விஷயம். பந்தயம் வைப்பதே சாவான பாவம் என்று சிலர் பிரசங்கிப்பதுண்டு. திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. 1992ல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி 2413ஆம் எண்ணில், சூதாட்டமும் பந்தயமும் தம்மில்தாமே நீதிக்கு மாறானவையல்ல என்று கூறி, ஒருவர் தம் சீவியத்துக்கும் பிறர் சீவியத்துக்கும் வேண்டியதை அவை பறிக்கும்போது தகாதவை ஆகின்றன என்றும், ஆட்டத்தில் ஏமாற்றுவது கனமான விஷயம் என்றும் போதிக்கிறது. அர்ச். தோமாஸ் அக்குவினார், பிச்சை கொடுப்பதைப் பற்றி எழுதுமிடத்தில், சூதில் வென்ற பணத்திலிருந்து தருமம் செய்யலாமா என்று கேட்கிறார். எழுநூறு வருடத்துக்கு முந்திய அந்தத் துறவி எங்கள் மாமாவை நேரில் பார்த்ததுபோல் எழுதியிருக்கிறார்: ஏமாற்றி வென்ற பணமும், பேராசையால் மற்றவனை ஆட்டத்துக்கு இழுத்து வென்ற பணமும் திருப்பிக் கொடுக்கவேண்டிய பணம், அதிலிருந்து தருமம் செய்ய முடியாது.

இதைச் செமினரியில் படித்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஏனெனில் சின்ன மாமா கஞ்சனல்ல. அக்காள் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, பாட்டியின் கண் சத்திரசிகிச்சை, தோட்டத்துக் கோயில் திருநாளுக்குச் சப்பரப் பூ எல்லாம் அவர் கையிலிருந்து வந்தவை. நான் குருமடத்துக்குப் போகும்போது ஹட்டனில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டியும், அங்கிக்கு வெள்ளைத் துணியும் வாங்கித் தந்தவரும் அவரே.

அவருடைய பிற்காலத்தில் கண்ணில் படலம் விழுந்தது, ஆட்டம் நின்றது, கோயிலுக்கு வந்தார். அவருடைய ஆன்ம காரியங்களைக் குறித்து வேறொரு குருவானவருக்குத்தான் தெரியும். அது அவ்விருவருக்கும் ஆண்டவருக்கும் உரியது. எங்களுக்குத் தெரிந்தது அவர் இறந்து முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு பெட்டியில் கிடைத்த ஒரு சீ.ஆர். கொப்பி. இருபத்தேழு வரி. ஊர், ஆளின் தொழில், வருடம், தொகை. பெயர் சிலதில் மட்டுந்தான். பெயர் கேட்கிற பழக்கம் அந்த மேசையில் இல்லை. ஒன்பது வரி குறுக்கே வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய மையின் நிறம் வேறு, கையெழுத்தும் நடுங்கியது. படலம் விழுந்த கண்ணோடு அவர் தேடிப்போய்த் திருப்பிக் கொடுத்தவை அவை.

கொப்பியை அடுப்பில் போட்டுவிடலாம் என்றார்கள் வீட்டில் சிலர். மாமாவின் பேர் கெட்டுவிடும், பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும் நேரம், சாமியார் குடும்பம் வேறு. இந்தப் பேச்சு நியாயமற்றதென்று சொல்லிவிட முடியாது. லயத்தில் ஒரு வீட்டுச் சுவருக்கு அப்பால் அடுத்த வீடு. ஆனால் கிரமப்படி பார்த்தால், இறந்தவர் திருப்பிக் கொடுக்கவேண்டிய கடன், அவர் விட்டுச்சென்ற பொருளிலிருந்து முதலில் தீர்க்கப்படவேண்டும், மிஞ்சியதே வாரிசுகளுக்கு. மாமாவின் சேமிப்புப் புத்தகத்தில் கொஞ்சம் பணம் இருந்தது. என் தாயார் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "அந்தப் பெட்டியும் இதுக்குள்ளதான் வருதா சாமி?" என்று கேட்டார். வருகிறது என்றேன்.

நாற்பது வருடத்துக்கு முந்திய முந்நூறு ரூபாவை இன்றைக்கு முந்நூறாகக் கொடுத்தால் அது பரிகாசம். வங்கி வட்டியைக் கணக்குப் பார்க்கலாமென்று யோசித்தோம். என் தாயார் முப்பத்தைந்து வருடம் கொழுந்தெடுத்தவர். அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த வருடத்தில் அந்தக் காசு எத்தனை பேருக்குச் சமமோ, இன்றைக்கு அத்தனை பேருக்குரிய சம்பளம். தோட்டத்தில் பேர் என்பது ஒரு நாள் வேலை. பட்டணத்து வாசகருக்காக இதைச் சொல்லுகிறேன். எந்த ஒழுக்க இறையியல் புத்தகத்திலும் இதைவிடச் சரியான அளவுகோலை நான் கண்டதில்லை. அந்தக் கணக்கில் ஒரு வரி பதினெட்டுப் பேர் ஆயிற்று, இன்னொன்று நாற்பது. சேமிப்புப் புத்தகம் போதவில்லை. பெட்டிக்கும் அங்கித் துணிக்கும் உரியதை நான் போட்டேன். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள்.

மாதா கோயில் சுரூபத்தடியில் சூதாடிகளும் நின்றிருக்கிறார்கள் என்பதை மறக்கவேண்டாம். 1574ல் நேப்பிள்ஸ் பட்டணத்தில் உடுத்த சட்டையையும் சூதில் தோற்ற சிப்பாய்தான் பிற்பாடு நோயாளரின் பாதுகாவலரான அர்ச். கமில்லுஸ். 1746ல் அவரைப் புனிதராக உயர்த்தியபோது திருச்சபை அந்தச் சட்டைக் கதையைச் சரித்திரத்திலிருந்து எடுத்துவிடவில்லை.

மீதமிருந்த பதினெட்டு வரிகளில் ஆறு மாதத்தில் ஐந்து பேரைக் கண்டுபிடித்தோம். ஒருவர் சிரித்துவிட்டு, தாமும் அதே தொழில்தான், எடுத்துப்போங்கள் என்றார். இருவர் வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. ஒரு வீட்டில் வசை கிடைத்தது; அதுவும் எங்களுக்குச் சேரவேண்டியதுதான்.

ஐந்தாவது, அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு விதவை. கொப்பியில் "ஸ்டோர்காரன், சம்பள நாள், 1983" என்று இருந்தது. புருஷன் இறந்து வெகுகாலம். அந்த மாதம் சம்பளம் முழுவதையும் குடித்துத் தொலைத்துவிட்டேன் என்று அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார். பந்தாடித் தோற்றேன் என்று சொல்ல வெட்கம். அந்த மாதம் கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. அன்றுமுதல் சாகும்வரைக்கும் அவரைக் குடிகாரன் என்றே அந்த அம்மா ஏசியிருக்கிறார். பிள்ளைகளும் அப்படியே நம்பி வளர்ந்திருக்கிறார்கள். என் தாயார் காசைக் கையில் வைத்து விஷயத்தைச் சொன்னதும், அந்த அம்மா காசை எண்ணவில்லை. "அப்ப அந்த மனுசன் குடிக்கலையா?" என்று கேட்டார். திரும்பத் திரும்ப அதையே கேட்டார். பிறகு உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த படத்தை முந்தானையால் துடைத்தார்.

நாங்கள் புறப்படும்போது அந்தப் பணத்திலிருந்தே ஒரு தாளை உருவி என்னிடம் தந்து, இரண்டு பேர் பேரையும் சேர்த்து ஒரு பூசை வைக்கச் சொன்னார். சகல ஆத்துமாக்கள் திருநாளன்று அப்படியே ஒப்புக்கொடுக்கப்பட்டது.

இன்னும் பதின்மூன்று வரிகள் இருக்கின்றன. உரியவரோ வாரிசோ கிடைக்காவிட்டால் அப்பணம் ஏழைகளுக்குப் போகவேண்டும் என்பது ஒழுங்கு. ஆனால் தேடிப் பார்த்த பிறகுதான். ஹோல்புறூக், பஸ் கண்டக்டர், மூக்குக் கண்ணாடி, 1981. தலவாக்கலை, லொறிக் கிளீனர், 1984. நானுஓயா, ரயில்வேகாரர், இரண்டு முறை. இவர்களில் ஒருவருடைய வீட்டாராவது இதை வாசித்தால், தங்கள் பங்குக் குருவானவரிடம் சொல்லியனுப்புங்கள். பணம் என் தாயாரிடம் தனியே முடிந்து வைக்கப்பட்டிருக்கிறது.