செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

விசுவாசம் உயர்ந்த பண்பு என்பதை மறுப்பார் இலர். உண்ட சோற்றை மறவாமை மனிதப் பண்புகளுள் தலையாயது எனக் கொண்ட நம் முன்னோர் அதற்குச் செஞ்சோற்றுக் கடன் எனப் பெயருமிட்டனர். ஆயினும், அச்சோறு யாருடையது என்ற வினாவை இப்பண்பைப் போற்றுவோர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. களஞ்சியத்தைத் திறந்து அளந்து கொடுத்தவனுக்கா, அக்களஞ்சியத்தை நிரப்பியவனுக்கா நாம் கடன்பட்டுள்ளோம்? இவ்வினாவை ஆராய்வதற்கு யப்பானிய சாமுராய் வர்க்கத்தின் வரலாறு மிகவும் ஏற்றது. ஏனெனில், விசுவாசத்தையே தன் உயிரெனச் சொல்லிக்கொண்ட அவ்வர்க்கத்தின் ஊதியம் அரிசியிலேயே அளக்கப்பட்டது.

'சாமுராய்' என்ற சொல் அருகிருந்து பணிசெய்தலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. சாமுராய் என்பவன் முதலில் ஏவலன், பின்னரே வீரன். அவன் தோன்றிய வரலாறு நிலத்தின் வரலாறாகும். 645ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தை அடுத்து, விளைநிலம் யாவும் அரசுக்குரியது, குடிகளுக்கு அது பங்கிட்டளிக்கப்படும் என்ற முறை வகுக்கப்பட்டது. ஆனால், 743இல் புதிதாகத் திருத்திய நிலத்தை நிரந்தர உடைமையாக வைத்திருக்கலாம் எனச் சட்டம் இடங்கொடுத்தது. காடு வெட்டிக் கழனியாக்கும் ஆள்பலமும் பொருள்பலமும் கொண்டிருந்தோர் பிரபுக்களும் பெருங்கோயில்களுமே. எனவே, வரிவிலக்குப் பெற்ற பெரும்பண்ணைகள் நாடெங்கும் பெருகின. 792இல் பெரும்பாலான மாகாணங்களில் கட்டாயப் படைச்சேர்ப்பும் கைவிடப்பட்டது. அரசின் படை தளர்ந்தபோது பண்ணைகளைக் காக்கவும், விளைவில் பங்கு தண்டவும், குதிரையும் வில்லும் உடைய உள்ளூர்க் குடும்பங்கள் தலையெடுத்தன. தலைநகரிலே கவிதை புனைந்துகொண்டிருந்த பிரபுக்கள் தம் கையில் குருதி படாதிருக்க இவர்களை ஏவினர். ஏவப்பட்டவர்கள் நாளடைவில் ஏவியவர்களை விஞ்சினர். 1185இல் தைரா குலத்தைக் கடற்போரில் அழித்த மினமோட்டோ குலத்தின் தலைவன் யொரிடோமோ, 1192இல் ஷோகுன் பட்டம் பெற்றுக் காமக்குராவிலிருந்து ஆண்டான். அவன் தன் வீரரைப் பண்ணைகளின் காரியத்தராக நியமித்தான். வாளும் வரியும் ஒரே கையில் சேர்ந்தன.

இக்காலத்து விசுவாசம் எத்தகையது? தலைவன் அளிக்கும் நன்மைக்கு ஈடாக வீரன் செய்யும் சேவையே அது. இதில் மறைப்பு எதுவும் இருக்கவில்லை. 1274இல் மங்கோலியப் படையெடுப்பை எதிர்த்துப் போரிட்ட தக்கெசாக்கி சுவெநாகா என்னும் சிறுவீரன், தன் வீரத்துக்குப் பரிசு கிடைக்கவில்லை என்று 1275இல் கியூஷுவிலிருந்து காமக்குராவரை நெடும்பயணஞ் செய்து முறையிட்டான். நிலத்துரிமை பெற்றே திரும்பினான். பின்னர் தன் போர்ச்செயல்களை ஓவியச் சுருள்களாகவும் வரைவித்தான். அவை இன்றும் உள்ளன. 1281இல் வந்த இரண்டாம் படையெடுப்பும் முறியடிக்கப்பட்டது. ஆனால், தற்காப்புப் போரில் பகைவனின் நிலம் எதுவும் கைக்கு வராதாதலின் வீரருக்குப் பங்கிட எதுவும் இல்லை. அம்மனக்குறை 1333இல் காமக்குரா ஆட்சி வீழ்ந்தமைக்கு ஒரு காரணமாயிற்று. நிலம் நின்றபோது விசுவாசமும் நின்றது.

பின்வந்த உள்நாட்டுப் போர்க்காலத்தில் கட்சிமாறுதல் அன்றாட நிகழ்ச்சி. நாட்டின் தலைவிதியை நிர்ணயித்த 1600ஆம் ஆண்டுச் செக்கிகஹாராப் போரே, கொபயாக்காவா ஹிடெயாக்கி என்ற பிரபு போரின் நடுவில் எதிரணிக்குத் தாவியதனால் முடிவு கண்டது. உண்மையில் போர் நடந்த காலத்தில் தலைவனுக்காகக் கேள்வியின்றி மாளும் விசுவாசம் அரிதாகவே இருந்தது எனின், அது எப்போது ஒரு வேதமாயிற்று?

விடை சமாதான காலத்தில் கிடைக்கிறது. 1588இல் ஹிடெயோஷி உழவரிடமிருந்த வாட்களையெல்லாம் பறித்தான். அந்த இரும்பு புத்தர் சிலையொன்றை அமைக்கும் திருப்பணிக்குப் பயன்படும் எனக் காரணமுங் கூறினான். 1591இல் வீரன் உழவனாகவோ, உழவன் வணிகனாகவோ மாறுவதைத் தடுத்தான். தாழ்ந்த குடியிற் பிறந்து வாளினால் உயர்ந்தவன், தான் ஏறிவந்த ஏணியைத் தனக்குப்பின் எவரும் ஏறாதவாறு அகற்றினான். 1603இல் தொடங்கிய டோக்குகாவா ஆட்சி இப்பிரிவினையை இறுக்கியது. கோட்டை நகரங்களில் குடியேற்றப்பட்ட சாமுராய்களுட் பெரும்பாலோர் வயலையே காணாது, பிரபுவின் களஞ்சியத்திலிருந்து அரிசி பெற்று வாழ்ந்தனர். அதன் அளவை 'கொக்கு' எனப்பட்டது. ஏறக்குறைய 180 லீற்றர் கொண்ட ஒரு கொக்கு, ஒருவனுக்கு ஓராண்டு உணவு என்பது கணக்கு. குடும்பத்தினரையும் சேர்த்து மக்களில் நூற்றுக்கு ஆறேழு பேரே சாமுராய் வர்க்கத்தினர். ஏறக்குறைய எண்பது வீதத்தினர் உழவர். நெல் விளைத்தவர்களிற் பலர் தினையும் பார்லியும் உண்டு வாழ்ந்தனர்.

1638இல் ஷிமபாரா உழவர் எழுச்சி நசுக்கப்பட்டபின் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பெரும்போர் எதுவும் நிகழவில்லை. போரில்லாத நாட்டிலே போர்வீரன் எதற்கு? யமாகா சொக்கோ (1622-1685) என்னும் அறிஞர் இவ்வினாவை நேர்மையாகவே எழுப்பினார். உழாமல், வனையாமல், வாணிகமுஞ் செய்யாமல் உண்பவன் எதனால் உண்ண உரியவனாகிறான்? ஏனையோருக்கு அறத்தின் முன்மாதிரியாக வாழ்வதே அவன் தொழில் என்பது அவர் கண்ட விடை. உண்ணும் சோற்றுக்கு வேறு நியாயம் இல்லாதபோது அறமே நியாயமாக்கப்பட்டதை இங்கு நாம் காண்கிறோம். சாவிலேயே வீரனின் நெறியைக் கண்ட 'ஹகக்குரே' என்னும் நூல் 1716 அளவில் நிறைவுற்றது. அக்கருத்துகளைச் சொன்ன யமமொட்டோ ட்சுனெடோமோ எப்போரிலும் வாளெடுத்தவரல்லர். பிரபுவின் அரண்மனையில் எழுத்துப்பணி புரிந்தவர். தலைவன் இறந்தபோது உடன்மாய விரும்பியும் சட்டம் தடுத்தமையால் துறவியானார்.

இவ்விசுவாசம் முழுவதும் வேடம் என்று கூறுவது எளிது. ஆனால் அது உண்மையாகாது. தலைவனுக்காகப் பழிவாங்கி 1703இல் அரசாணைப்படி வயிறு கிழித்து மாண்ட 46 பேரின் உறுதி பொய்யன்று. பொய்யல்லாத பண்பும் தவறான இடத்தில் செலுத்தப்படக்கூடும் என்பதே சிந்திக்கத்தக்கது.

இதனை அக்காலத்திலேயே கண்டவர் ஒருவர் இருந்தார். யப்பானின் வடபகுதியில் வைத்தியராக வாழ்ந்த அண்டோ ஷொயெக்கி, உழாது உண்போர் யாவரும் திருடரே என எழுதினார். ஷோகுன், பிரபு, சாமுராய் மட்டுமன்றி, அவர்களுக்கு ஞானம் வழங்கிய கன்பூசியஸும் புத்தரும் கூட அவருடைய கண்டனத்துக்குத் தப்பவில்லை. உழவனின் சோற்றை உண்டு பிரபுவுக்கு நன்றி கூறும் வர்க்கத்தின் முரண்பாட்டை இவ்வளவு கூர்மையாக எடுத்துரைத்தோர் அந்நாட்டில் அரிது.

ஷொயெக்கி எழுத்திற் கண்டதை உழவர் செயலிற் கண்டனர். வரிக்கொடுமையை எதிர்த்து மனுக்கொடுத்த கிராமத்தார், தம் பெயர்களை வரிசையாக எழுதாது, விரித்த குடையின் கம்பிகளைப்போல வட்டமாக எழுதிக் கையொப்பமிட்டனர். வட்டத்துக்குத் தலையுமில்லை, வாலுமில்லை. எனவே தண்டிக்கத் தலைவன் யாரென அதிகாரி அறிய இயலாது. அகப்பட்ட தலைவர்கள் கொல்லப்பட்டனர் என்பதும் உண்மையே. இதுவும் விசுவாசந்தான். ஆனால், இது மேல்நோக்கிச் செல்லும் விசுவாசமன்று. அருகில் நிற்பவன்மீது கொண்ட விசுவாசம். சாமுராயின் விசுவாசம் தலைவனின் கட்டளை நியாயமானதா எனக் கேட்கவில்லை. உழவரின் விசுவாசமோ அக்கேள்வியிலிருந்தே பிறந்தது.

சாமுராய் வர்க்கம் அழிந்தபோது அதன் அறம் அழியாமற் போனமை வரலாற்றின் கொடுமைகளுள் ஒன்று. 1873இல் கட்டாயப் படைச்சேர்ப்பு வந்தது. 1876இல் வாள் அணியும் உரிமையும் பரம்பரை ஊதியமும் ஒழிந்தன. 1877இல் சட்சுமாச் சாமுராய்களின் கிளர்ச்சியை உழவரின் பிள்ளைகள் நிறைந்த புதிய படை அடக்கியது. ஆனால், 1882இல் படையினருக்கு விடுக்கப்பட்ட பேரரசரின் கட்டளை, அதே விசுவாசத்தை அவ்வுழவர் பிள்ளைகள்மீதே சுமத்தியது. முன்பு சிலருக்கு அரிசி தந்த அறம் இப்பொழுது அனைவரிடமும் உயிரைக் கேட்டது. 1944இல் இளைஞர்கள் குண்டு சுமந்த விமானங்களோடு கப்பல்கள்மீது மோதி மாய்ந்ததும் இவ்வறத்தின் பெயராலேயே. அதே படை மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசென்ற பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர், 1943இல் சயாம்-பர்மா இருப்புப்பாதை வேலையில் நோயாலும் பசியாலும் மடிந்தனர். தலைவனை மட்டுமே பார்க்கப் பழகிய கண்ணுக்கு, காலடியில் வீழ்பவன் தெரிவதில்லை.

ஆகவே, விசுவாசம் தன்னளவில் அறமுமன்று, மறமுமன்று. அது ஓர் ஆற்றல். அது யாருக்குச் செலுத்தப்படுகிறது, அதன் விலையை யார் கொடுக்கின்றனர், கேள்வி கேட்க அது இடந்தருகிறதா என்பவற்றைக் கொண்டே அதன் தரம் துணியப்படும். வகுப்பறைகளில் மன்னருக்காக மடிந்த வீரரின் கதைகளை நாம் தொடர்ந்து சொல்லி வருகிறோம். சொல்லுவோம், வீரம் சொல்லத்தக்கதே. ஆனால், அவ்வீரன் அன்று காலை உண்ட சோற்றை விளைவித்தவன் யார், அவனுக்கு அவ்வீரன் என்ன செய்தான் என்று ஒரு மாணவன் எழுந்து கேட்பானாயின், அவனை அமர்த்திவிடாதிருப்போம். செஞ்சோற்றுக் கடனைச் சரியாகக் கணக்கிடத் தொடங்கியவன் அவனே.