வளைவும் வழக்கும்

அமெரிக்க நாட்டிலே கோடை வந்துவிட்டால், இல்லங்களுக்கே உருளைகள் முளைத்துவிடுகின்றன! அடுப்பும் படுக்கையும், நீர்த்தொட்டியும் குளியலறையும் கொண்ட மோட்டார் வீடுகள் நெடுஞ்சாலையெங்கும் அணிவகுக்கின்றன. இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். பிடித்தால் தங்கல், பிடிக்காவிட்டால் பயணம். இப்படிச் செல்வோர் மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த செயின்ட் லூயிஸ் நகரை நெருங்கும்போது, வெள்ளியை உருக்கி வளைத்தாற்போன்ற விந்தையொன்று தொலைவிலேயே கண்ணைப் பறிக்கிறது. உயரம் 630 அடி. கால்களுக்கிடையே அகலமும் அதே 630 அடி. துருப்பிடியா எஃகு போர்த்திய அந்த வளைவுக்கு, மேற்குத் திசையின் நுழைவாயில் என்று பெயர்.

பார்க்கட்டும், பாராட்டட்டும்! ஈரோ சாரினென் என்னும் கட்டடக் கலைஞர் 1948இல் போட்டியிலே வென்ற திட்டம் அது. 1961இல் அவர் மறைந்தார். 1965 அக்டோபர் 28ஆம் நாள்தான் இரு கால்களும் உச்சியிலே கூடின. கனவு நனவானதைக் காணாமலே கண்மூடிய கலைஞரிடம் நமக்குப் பரிவு உண்டேயன்றிப் பகை இல்லை. அழகு அழகுதான். அதை மறுப்பவன் சீர்திருத்தக்காரன் அல்லன், சிடுமூஞ்சி!

ஆனால் நுழைவாயில் என்று சொல்லிவிட்டார்களே, அந்தச் சொல்தான் நம்மை உறுத்துகிறது. எவருக்கு நுழைவாயில்?

வளைவின் அடியிலே நின்று மேற்கே திரும்பினால், குவிமாடம் கவிந்த பழைய நீதிமன்றம் தெரிகிறது. இறந்துபோன ஆண்டைகளின் சொத்தைத் தீர்வு செய்தபோது, மேசை நாற்காலியோடு மனிதரையும் ஏலம் கூறிய படிக்கட்டுகள் அதற்கு உண்டு. அந்த மன்றத்திலேதான் 1846ஆம் ஆண்டு, டிரெட் ஸ்காட் என்பவரும் அவர் துணைவி ஹேரியட்டும், 'நாங்கள் அடிமைகள் அல்லோம்' என்று வழக்குத் தொடுத்தனர்.

அவர்கள் வழக்குக்கு அடிப்படை எது தெரியுமா? பயணம்! ஆம், ஊர்விட்டு ஊர் சென்ற பயணமே! ஸ்காட்டை உடைமையாகக் கொண்டிருந்த எமர்சன் என்னும் படை மருத்துவர், பணி மாறிய இடத்திற்கெல்லாம் அவரையும் உடன் கொண்டுசென்றார். அடிமை முறைக்கு இடமில்லாத இல்லினாய் மாநிலத்திலே இருந்தார் ஸ்காட். அதற்கும் வடக்கே, அடிமை முறை தடுக்கப்பட்டிருந்த நிலத்திலே, ஸ்நெல்லிங் கோட்டையில் இருந்தார். அங்கேதான் ஹேரியட்டை மணந்தார். அவர்களுடைய மூத்த மகள் எலைசா பிறந்தது, மிசிசிப்பியிலே மிசூரி மாநில எல்லைக்கு வடக்கே சென்றுகொண்டிருந்த நீராவிக் கப்பலில். வீட்டையே உருட்டிச் செல்லும் குடும்பத்தை இன்று காண்கிறோம். பிறக்க வீடின்றி ஆற்றிலே பிறந்த குழந்தை அது.

உரிமை மண்ணிலே இருக்கிறதா, மனிதனிடம் இருக்கிறதா? நாம் கேட்க விழையும் கேள்வி இதுதான். ஸ்காட்டின் வழக்கறிஞர்கள், 'இவர் மனிதர், ஆகவே விடுதலை உடையவர்' என்று வாதாடியிருந்தால் அன்றைய சட்டத்தின் காது கேட்டிராது. 'இவர் கால் விடுதலை மண்ணில் பட்டது, ஆகவே விடுதலை பெற்றார்' என்றுதான் வாதாட வேண்டியிருந்தது. மண்ணுக்கு இருந்த மதிப்பு மனிதனுக்கு இல்லை! அந்த வாதமும் புதுமையன்று; ஒருமுறை விடுதலை பெற்றவர் என்றும் விடுதலை பெற்றவரே என்று மிசூரி நீதிமன்றங்கள் 1824 முதல் ஏற்றுவந்ததுதான். 1850இல் செயின்ட் லூயிஸ் நடுவர் குழு ஸ்காட் பக்கமே தீர்ப்பளித்தது. 1852இல் மாநில உயர் மன்றம், காலம் மாறிவிட்டது என்று காரணம் காட்டி அதைக் கவிழ்த்தது. 1857இல் நாட்டின் உச்ச நீதிமன்றமோ, கறுப்பினத்தவர் குடிமக்களே ஆகமாட்டார், ஆகவே அம்மன்றத்திலே வழக்காடவே வழியில்லை என்று கதவைச் சாத்தியது. ஒன்பது நீதிபதிகளில் எழுவர் அதற்கு உடன்பட்டனர். இருவர் மறுத்தனர், அந்த இருவரையும் நன்றியோடு நினைக்கிறோம்.

எண்ணிப் பாருங்கள். இன்று ஒஹையோவில் பெற்ற ஓட்டுநர் உரிமம் மிசூரியிலும் செல்லும். வண்டி அவருடையதே, மனைவி மனைவியே, எல்லை தாண்டியதால் எதுவும் பறிபோகவில்லை. ஸ்காட்டின் விடுதலை மட்டும், எல்லைக்கு அப்பால் எடுத்துச் செல்ல முடியாத பண்டமாயிற்று!

'கோடை விடுமுறையிலே குழந்தை குட்டிகளோடு வந்தவனிடம் அடிமைக் கதையா பேசுவது? அவன் மகிழட்டுமே!' என்று நம் நண்பர்களே கேட்கக்கூடும். மகிழ்ச்சிக்கு நாம் எதிரியல்ல. ஆனால் எஃகின் உயரத்தைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் தந்தை, எதிரே நிற்கும் கட்டடத்தின் கதையை மறைப்பானேன்? 630 என்ற எண்ணைத் தாங்கும் பிஞ்சு நெஞ்சு, 1857 என்ற எண்ணையும் தாங்கும்.

வளைவைக் கட்டிய கதையிலும் இதே கேள்வி எழுந்தது. அதற்கு இடம் வேண்டி ஆற்றோரத்தில் 40 தெருத்தொகுதிகளை 1939 முதல் இடித்துத் தள்ளினர். பின்னர் அரசின் பணத்தில் எழுந்த அந்தப் பணியிலே, கைத்திறன் வேலைகள் கறுப்பினத்தவருக்குக் கிடைக்கவில்லை. 1964 சூலை 14 அன்று பெர்சி கிரீன், ரிச்சர்டு டேலி என்ற இருவர், ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர், பாதி எழுந்த காலொன்றிலே 125 அடி உயரம் ஏறி நின்று நியாயம் கேட்டனர். நுழைவாயிலுக்குள் நுழைய, அதன்மீதே ஏறவேண்டியிருந்தது! 1966இல் கட்டுமானத் தொழிற்சங்கங்கள்மீது நடுவணரசே வழக்குத் தொடுத்தது.

உச்ச நீதிமன்றம் மறுத்த விடுதலையை, அதே 1857ஆம் ஆண்டில் ஸ்காட் குடும்பத்துக்கு ஆண்டை மாறியதால் வந்த கையெழுத்து தந்தது. அடுத்த ஆண்டே ஸ்காட் இறந்தார். குடியுரிமையைப் பிறப்புரிமையாக்கிய சட்டத் திருத்தம் 1868இல் வந்தபோது ஹேரியட் உயிரோடிருந்தார். இருவருக்கும் பழைய நீதிமன்றத்தருகே 2012இல் சிலை எழுந்தது. கைகோத்து நிற்கிறார்கள்.

வளைவின் உள்ளே, ஐவர் அமரும் சிறு கூண்டுகள் உச்சிக்கு ஏற்றிச் செல்கின்றன. அங்கே இருபுறமும் சிறுசிறு சாளரங்கள். மேற்குச் சாளரத்திலே பெருங்கூட்டம். நகரமும் நீதிமன்றக் குவிமாடமும் தெரிகின்றன. கிழக்குச் சாளரத்திலே ஆறும், ஆற்றுக்கு அப்பால் இல்லினாயும். மோட்டார் வீட்டிலே பாலத்தைக் கடந்தால் சில நிமிடங்களில் அங்கே போய்விடலாம்.