மீளுதலின் அறம்

தாயகம் மீளுதல் மனித உள்ளத்தின் ஆழ்ந்த வேட்கைகளுள் ஒன்று. முன்னோர் வாழ்ந்த மண்ணை இழந்தவன், வேறெதனைப் பெற்றாலும் மனஅமைதி பெறுவதில்லை. எனினும் வேட்கை வேறு, உரிமை வேறு. மீளும் வேட்கை எப்பொழுது உரிமையாகின்றது? அவ்வுரிமை, அதனைக் கோருவோன்மீது எத்தகைய கடமையைச் சுமத்துகின்றது? இவ்வினாக்களை அறவியல் நோக்கிற் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். யூத மக்களின் மீட்சியை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்கின்றேன். கிறிஸ்தவனாகிய நான் அவ்வரலாற்றைக் கேட்டே வளர்ந்தவன். யாழ்ப்பாணத்தவனாகிய எனக்கு அது அயலார் கதையாகத் தோன்றுவதுமில்லை.

கி.மு. 586 அளவில் எருசலேம் அழிக்கப்பட, யூதர் பபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அக்காலத்தைத் தமிழ்க் கிறிஸ்தவர் ‘சிறையிருப்பு’ என வழங்குவர். கி.மு. 538 அளவிற் பாரசீக மன்னன் கோரேஸ் அவர்கள் மீள இடமளித்தான். இவ்வரலாற்றைக் கூறும் வேதாகமத்தைத் தமிழாக்கும் பணி 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்றபொழுது, பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்றவர் சைவப் பெரியாரான ஆறுமுக நாவலர் என்பது யாவரும் அறிந்ததே. ஆகவே, சீயோனை நினைந்து ஏங்கும் மொழி சமய எல்லை கடந்து இம்மண்ணிற் பழகிய மொழியாகும்.

கி.பி. 70இல் உரோமர் இரண்டாம் ஆலயத்தை அழித்தனர். பிற்காலத்திற் பல நாடுகளிலும் சிதறி வாழ்ந்த யூதரை நூற்றாண்டுகளாக இழிவுபடுத்தியும் துரத்தியும் வந்ததிற் கிறிஸ்தவ ஐரோப்பாவின் பங்கு பெரிது. 1897இல் பாசெல் நகரில் முதலாவது சீயோனிய மாநாடு கூடிற்று. 1917இல் பல்போர் பிரகடனம் வெளிவந்தது. அதன்பின் ஏறக்குறைய 60 இலட்சம் யூதர் நாசிகளாற் கொல்லப்பட்டனர். 1948 மே 14இல் இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்டது. இத்தகைய கொடுமைக்கு உள்ளான மக்கள் முன்னோர் நிலத்தை நாடியதைக் குறைகூறும் தகுதி கிறிஸ்தவனுக்கு எளிதில் வாய்ப்பதன்று.

ஆயின் அம்மீட்சியின் மறுபக்கமும் நோக்கத்தக்கது. அக்காலத்தில் ஏறக்குறைய 7 இலட்சம் பலஸ்தீனர் தம் ஊர்களை இழந்தனர். அவர்களுட் கிறிஸ்தவரும் அடங்குவர். அயலாருடன் அமைதியாக வாழ விரும்பும் அகதிகள் தம் இல்லங்களுக்கு மீள இடமளிக்கப்பட வேண்டுமென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1948 டிசெம்பரில் 194ஆம் இலக்கத் தீர்மானத்திற் கூறியது. அவர்கள் மீளவில்லை. 1950இல் இஸ்ரேல் இயற்றிய மீளுகைச் சட்டமோ, உலகின் எப்பகுதியில் வாழும் யூதருக்கும் அங்கு வந்து குடியேறும் உரிமையை வழங்கியது. ஈராயிரம் ஆண்டு கடந்தும் ஒருவருக்கு அழியாத உரிமை, மற்றவருக்கு இரண்டே ஆண்டுகளில் அழிந்துவிடுமா?

தீர்க்கதரிசனம் நிறைவேறியது, ஆகவே மேற்கொண்டு வினாவ இடமில்லை என்று கூறும் கிறிஸ்தவர் உளர். இக்கூற்று வேதாகமத்துக்கே பொருந்தாது. சிறையிருப்பிலிருந்து மீள்வோர் நிலத்தைப் பங்கிடும் முறையைக் கூறுமிடத்து, அவர்களிடையே வாழும் அந்நியருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் உள்நாட்டவர்க்கு ஒப்பான பங்கு வழங்கப்பட வேண்டுமென எசேக்கியேல் விதிக்கின்றார். நிலம் இறைவனுடையது, அதில் வாழ்வோர் யாவரும் பரதேசிகளே என்பது லேவியராகமத்தின் கருத்து. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை அபகரித்த ஆகாப், இஸ்ரவேலின் அரசனாயிருந்தும் தீர்க்கதரிசியின் கண்டனத்துக்குத் தப்பவில்லை. வாக்குத்தத்தம் அறத்தினின்று எவரையும் விடுவிப்பதில்லை. மாறாக, அறத்தை அதிகமாக வேண்டிநிற்கின்றது.

இனி, நம் குடாநாட்டின்பால் நோக்கைத் திருப்புவோம். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை முதலிய ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையிலேதான் மீளக் கிடைத்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி வெளியேறினர். அந்நாளை நாம் மறப்பதில்லை. ஆனால் அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1990 ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகளாற் பணிக்கப்பட்டனர். அம்மாதத்தில் வட மாகாணத்திலிருந்து இவ்வாறு அகற்றப்பட்டோர் தொகை 70,000க்கு மேற்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் பகுதியிலேயே அகதிகளாயினர். ஒரே திகதியில் இரு துயரங்கள் நிகழ்ந்திருக்க, ஒன்றையே நினைவுகூருதல் நினைவின் நேர்மையாகுமா?

போர் 2009இல் முடிந்தபின் மீண்ட முஸ்லிம்களிற் பலர் இடிந்த வீடுகளையே கண்டனர். ஒரு குடும்பமாகச் சென்றோர் பல குடும்பங்களாகப் பெருகிவிட்டமையாற் பழைய காணி போதவில்லை. புத்தளத்திற் பிறந்து வளர்ந்தோரை யாழ்ப்பாணத்தவர் எனக் கொள்ளலாமா என வினவுவோர் உளர். நலன்புரி முகாமிற் பிறந்த குழந்தையை ‘மயிலிட்டிப் பிள்ளை’ என நாம் தயங்காது கூறுகின்றோம். அவ்வளவுகோலே சோனகதெருவைப் பூர்வீகமாகக் கொண்ட பிள்ளைக்கும் உரியது.

பிறருக்கு இழைக்கப்பட்ட தீங்கைப் பேசுவது நமது கோரிக்கையை வலுவிழக்கச் செய்யும் என்பது இதற்கு எதிராகக் கூறப்படும் வாதம். அவ்வச்சம் விளங்கிக்கொள்ளத்தக்கது, பெரும் இழப்புக்குள்ளான மக்களிடம் அது இயல்பாக எழுவது. எனினும் எனக்கு மட்டும் உண்டு, பிறர்க்கு இல்லை எனப்படுவது உரிமையன்று. அது வெறும் வலிமை. வலிமை கைமாறும் பொழுது அதுவும் கைமாறிவிடும். பிறருக்கும் உரியதெனக் கோரப்படும் உரிமையோ, வெல்வோர் மாறினும் மாறாது நிற்கும். மேலும், ஒருவரை மீளக் குடியேற்றுவது, இடையில் அங்கு வந்து வாழும் வறியவரைத் தெருவில் விடுவதாகவும் அமைதல் கூடாது. மாற்றுக் காணியும் இழப்பீடும் கடின வழிகளாயினும், இரண்டாவது இடப்பெயர்வைத் தவிர்ப்பன அவையே.

ஆகவே, யூதரின் மீட்சியைக் குறித்துக் கிறிஸ்தவன் வினவ வேண்டியது அவர்கள் மீண்டது சரியா, தவறா என்பதன்று. மீண்டோர் தம் அயலாரை எவ்வாறு நடத்தினர், வெளியே நிற்போருக்கு என்ன பதில் கூறுகின்றனர் என்பதேயாகும். அதே வினா நம்மிடமும் கேட்கப்படும். வலிகாமம் வடக்கின் எஞ்சிய காணிகளுக்காக நாம் எழுப்பும் குரல், ஒக்டோபர் 1990இல் வெளியேற்றப்பட்டோரின் காணிக்காகவும் வீட்டுக்காகவும் எழுதல் வேண்டும். அவ்வாறு எழும்பொழுதே அதனை அறத்தின் குரல் எனலாம்.