கேட்டலும் செவிதாழ்த்தலும்

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. காண விரும்பாததை மூடிக்கொள்ள நம்மால் இயலும். கேட்க விரும்பாததோ சுவரைக் கடந்தும் வந்து நம்முள் புகுந்துவிடுகிறது. இதனாற்போலும், அரபு மொழியும் மார்க்கச் சட்ட நூல்களும் 'ஸாமிஉ' என்பவரையும் 'முஸ்தமிஉ' என்பவரையும் வேறுபடுத்திப் பேசுகின்றன. முன்னவர் காதில் ஒலி வந்து விழப்பெற்றவர். பின்னவர் நாடிச் செவிதாழ்த்தியவர். இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியில் இடையனின் குழலோசையைக் கேட்டுத் தம் காதுகளில் விரல் வைத்துக்கொண்டதாகவும், ஓசை இன்னும் கேட்கிறதா என்று உடன்வந்த நாஃபிஉ (ரஹ்) அவர்களை வினவிக்கொண்டே சென்றதாகவும் ஒரு செய்தி உண்டு. நாஃபிஉவையும் காதை மூடிக்கொள்ளச் சொல்லவில்லையே, அது ஏன் என்று அறிஞர்கள் நெடுக வாதித்திருக்கின்றனர். காதில் விழுவது வேறு, செவிதாழ்த்துவது வேறு என்பது அவர்களுட் சிலர் கண்ட விடை.

இந்தப் பழம்பாடம் அண்மையில் எதிர்பாராத ஒரு வாயிலாக நம் நினைவுக்கு வந்தது. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர். விடுமுறையில் நம்மைக் காண வந்தபோது கைப்பேசியில் ஓர் இசைத்தொகுப்பை ஓடவிட்டார். பெண்குரல் ஒன்று 'ஆ' என ஒரே சுரத்தில் எழுந்து அடங்கிற்று. நெடிய இடைவெளி. பிறகு வேறொரு குரல். பாட்டும் இல்லை, தாளமும் இல்லை. "அத்தா மவுத்தானதிலிருந்து அறை நிசப்தமாக இருந்தால் எனக்கு உறக்கம் பிடிப்பதில்லை, ஹஜ்ரத். இதைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். இது ஆகுமா?" என்றார்.

இசை ஆகுமா ஆகாதா என்னும் வழக்கை இங்கே கிளறப்போவதில்லை. அதற்கு நூல்கள் நிரம்ப உள்ளன. அவருடைய வினாவுக்குள் வேறொரு வினா ஒளிந்திருந்தது. செவிதாழ்த்த வேண்டியதில்லை என்ற எண்ணத்தோடே ஆக்கப்பட்ட ஒலியை நாம் எவ்வாறு மதிப்பது?

அத்தொகுப்பு பிரையன் ஈனோ என்னும் ஆங்கிலேயர் 1978இல் ஆக்கிய 'விமான நிலையங்களுக்கான இசை'. அதன் கதை சுவையானது. 1975ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனில் வாடகைக் கார் மோதி அவர் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி, பதினெட்டாம் நூற்றாண்டு யாழிசைத் தட்டு ஒன்றைக் கொடுத்துச் சென்றார். அரும்பாடுபட்டு எழுந்து அதைச் சுழலவிட்டுப் படுத்த பின்னரே, ஒலி மிகத் தாழ்ந்திருப்பதும், இரு ஒலிபெருக்கிகளில் ஒன்று வேலை செய்யாததும் அவருக்குத் தெரிந்தன. மீண்டும் எழ உடலில் வலுவில்லை. வெளியே மழை. மழையோசையின் ஊடே யாழின் உரத்த சுரங்கள் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் காதில் விழுந்தன. விளக்கொளியைப் போல, மழையைப் போல, இசையும் ஓர் அறையின் சூழலாக இருத்தல் கூடும் என்பது அன்று தமக்குப் புலப்பட்டதாக அவரே எழுதியுள்ளார். விழுந்து கிடந்தவனுக்குக் கிட்டிய அறிவு!

விமான நிலையத் தொகுப்பில் வரும் அப்பெண்குரல்களை ஒலிநாடாவில் பதித்து, நாடாவை வளையமாக ஒட்டிச் சுழலவிட்டார். நீண்ட நாடா நாற்காலிக் கால்களைச் சுற்றி ஓடியதாம். ஒரு வளையம் சுமார் 23½ நொடிக்கு ஒருமுறை திரும்பும். மற்றொன்று ஏறத்தாழ 26 நொடிக்கு. இன்னொன்று ஏறத்தாழ 30 நொடிக்கு. ஆகவே ஒருமுறை சேர்ந்த குரல்கள் அதேபோல் மீண்டும் சேர்வது அரிது. விரும்பினால் கூர்ந்து கேட்கலாம், விரும்பாவிடில் விட்டுவிடலாம், இரண்டுக்கும் இவ்விசை இடந்தர வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி.

அவருக்கு முன்னரும் இதனை முயன்றோர் உண்டு. பாரிஸில் எரிக் சத்தீ என்பவர் 1920இல் ஒரு நாடகத்தின் இடைவேளையில், மேசை நாற்காலியைப் போல் சும்மா கிடக்கும் இசை என்று சொல்லி வாசிக்கச் செய்தார். சபையோரோ பேச்சை நிறுத்திக் கவனமாய்க் கேட்கத் தொடங்கிவிட்டனர். 'பேசுங்கள், கேளாதீர்கள்' என்று அவர் அவர்களை வேண்டிக்கொள்ள நேர்ந்தது. அமெரிக்காவில் 'மியூசாக்' நிறுவனம் தொழிற்சாலைகளுக்குப் பதினைந்து நிமிடத் தொகுதிகளாக இசை அனுப்பிற்று. தொழிலாளியின் ஊக்கம் தளராதிருக்கும் பொருட்டு ஒவ்வொரு தொகுதியிலும் விறுவிறுப்பு படிப்படியாகக் கூட்டப்படும். இதை நாம் வேறாகவே கருதுகிறோம். இமையில்லாத உறுப்பின் வழியே, ஒருவனைக் கேளாமலே அவனை வேலை வாங்குவது முறையன்று. இதற்கு மாறாக, எதிர்னே நகரில் 1488இல் எழுந்த சுல்தான் பாயஸீதின் மருத்துவமனையில், நீரூற்றின் ஓசையோடு இசைஞர் பதின்மர் வாரம் மும்முறை நோயாளருக்கு இசைத்ததாகப் பயணி எவ்லியா செலபி எழுதுகிறார். அங்கே ஒலி, கேட்பவன் நலத்துக்காக இருந்தது.

நம் மாணவரின் ஒலியும் அவரே ஏற்றிக்கொண்ட இரவு விளக்குத்தான். தந்தையற்ற வெறுமையை அது மறைக்கிறதா, தாங்க உதவுகிறதா என்பதை அவரன்றி யாரும் சொல்லவியலாது. ஈனோவிடத்தும் நாம் வஞ்சனை காணவில்லை. அரைச்செவிக்கு உரியதென்று சொல்லியே அரைச்செவிக்கு ஒன்றைத் தந்தார்.

நம் வழக்கம் என்ன? ஓதப்படுங்கால் செவிதாழ்த்தி வாய்மூடியிருக்கப் பணிக்கப்பட்டோம். ஆயினும் கல்லாப்பெட்டியின் அருகே கிராஅத் ஓட, விலை பேசுகிறோம், சில்லறை எண்ணுகிறோம். எதிரொலியில் கேட்ட வசனத்துக்கு சஜ்தா கடமையில்லை என்று ஹனஃபி நூல்கள் கூறுவதும், பிற்கால அறிஞர் பலர் ஒலிப்பதிவையும் அவ்வாறே கொண்டதும் மெய். நாமும் வகுப்பில் அவ்வாறே பாடம் சொல்லியிருக்கிறோம். சஜ்தா நீங்கிற்று, அதபும் உடன் நீங்கிற்றா? முழுச்செவிக்கு உரியதை அரைச்செவிக்குத் தள்ளிய நாம், அரைச்செவிக்கென்றே ஆன ஒன்றைக் குறித்து அம்மாணவருக்குத் தீர்ப்புச் சொல்ல முனைந்தோம்.

மறுநாள் காலை நம் வீட்டில் வழக்கம்போல் யாஸீன் ஓடிக்கொண்டிருந்தது. அடுக்களையில் மிக்ஸி இரைந்தது. நாம் நாளிதழில் சந்தை நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்து சென்று ஒலியை நிறுத்தினோம்.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்? வீட்டுக்கு பரக்கத்தாக இருக்கட்டும் என்றுதானே போட்டேன்?" என்று வீட்டார் உள்ளிருந்து கேட்டார். மிக்ஸியும் நின்றிருந்தது. உடனே மறுமொழி கூற நமக்கு வாய் வரவில்லை.