விடுமுறை நாளும் திருநாளும்



புது வருட நாட்காட்டி வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் முதலில் தேடுவது சிவப்பு எழுத்துக்களைத்தான். தைப்பொங்கல், சுதந்திர தினம், சிவராத்திரி, பெரிய வெள்ளி, சித்திரைப் புத்தாண்டு, வெசாக், தீபாவளி, நத்தார், இஸ்லாமியச் சகோதரரின் பெருநாட்கள், மாதந்தோறும் போயா. எத்தனை நாள் லீவு என்று எண்ணி முடித்ததும் நாட்காட்டி சுவரில் ஏறிவிடும். அந்த நாள் எதற்காக என்று கேட்பவர் எத்தனை பேர்?

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைச்சாரலில் இருக்கிறது லக்கல. 2018ல் களுகங்கை நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பத் தொடங்கியபின் அங்கே பழைய பல்லேகம நகர் நீருள் மறைந்தது. மக்கள் புதிய நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். வயலையும் வளவையும் விட்டுப் போனவர்கள் சித்திரைப் புத்தாண்டையும் வெசாக்கையும் விட்டுப் போகவில்லை. திருநாள் மண்ணோடு ஒட்டியதன்று. அதை அனுசரிக்கும் மக்களோடு வாழ்வது.

அது அரசாங்கக் கட்டளையைச் சார்ந்ததும் அன்று. அதே மாவட்டத்து வஹக்கோட்டையில் புனித அந்தோனியார் திருவிழாவுக்குச் சிவப்பு எழுத்து இல்லை. ஆயினும் பக்தர்கள் திரளாக வருகிறார்கள். தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளான ஆகஸ்ட் 15ம் நாட்காட்டியில் கறுப்பு எழுத்தே. மடுவுக்குச் செல்பவர்களை அது தடுப்பதில்லை.

நம் பெரியவர்கள் இதைவிடக் கடினமான ஒரு காலத்தைக் கண்டவர்கள். 1966 ஜனவரி முதல் 1971 வரை இந்நாட்டில் வார விடுமுறை ஞாயிறு அன்று, போயா நாட்களே. சந்திரனின் நிலைக்கு ஏற்ப வாரமும் கூடிக் குறைந்தது. ஞாயிறன்றும் அலுவலகங்கள் நடந்தன, பள்ளிக்கூட மணி அடித்தது. அக்காலத்தில் ஞாயிறு பூசை காண விரும்பியவர் வேலைக்கு முன் விடியலில் எழவேண்டும். அல்லது வேலை முடிந்த களைப்போடு மாலையில் கோவிலுக்கு நடக்கவேண்டும். ஆண்டவரின் நாளைக் காத்துக்கொள்ள அவர்கள் ஒரு விலை கொடுத்தார்கள்.

இன்று ஞாயிறு விடுமுறை நம் கையில் இருக்கிறது. நாம் அதை என்ன செய்கிறோம்? பூசை வேளையில் பிள்ளையை டியூஷன் வகுப்புக்கு அனுப்புகிறோம். "சோதனை வருகிறது, சுவாமி" என்கிறோம். பரீட்சை முக்கியந்தான்; மறுக்கவில்லை. ஆனால் ஆண்டவருக்கு உரிய ஒரு மணி நேரத்தைத்தான் முதலில் வெட்டவேண்டுமா? அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது நம் பெற்றோர் விட்டுக்கொடுக்காத நாளை, எவரும் கேளாமலே நாம் கொடுத்துவிடுகிறோமே!

இன்னொன்றும் உண்டு. மோசே வழியாக ஓய்வுநாளைத் தந்த இறைவன், வீட்டுத் தலைவனுக்கு மட்டும் ஓய்வு தரவில்லை. வேலைக்காரனும், அந்நியனும், மாடும் கழுதையுங்கூட இளைப்பாறவேண்டும் என்றார். நமக்கு லீவு கிடைக்கும் நாளில் நம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும் ஓய்வு உண்டா? நாட்கூலிக்கு உழைப்பவனுக்கு விடுமுறை என்பது அடுப்பெரியாத நாளாகவும் ஆகலாம். அவனை நினையாமல் நாம் உண்ணும் விருந்து அரைத் திருநாள்தான்.

அயலவரின் திருநாளையும் மதிப்போம். போயா தினத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி வெள்ளுடை உடுத்திச் சீலம் அனுட்டிக்க விகாரைக்குப் போகிறார். அன்று நம் வீட்டு வானொலி தெருவெல்லாம் அலறலாமா? முதல்நாளே வாங்கிவைத்த மதுப்புட்டி மேசைக்கு வரலாமா? பெரிய வெள்ளியன்று நாம் அவர்களிடம் எதிர்பார்க்கும் அமைதியை அவர்களுக்கும் கொடுப்போம்.

அன்பர்களே, இன்றிரவு செபமாலை முடிந்ததும் குடும்பமாக நாட்காட்டியின் முன் நில்லுங்கள். சிவப்பு நாட்களில் எவற்றை ஆண்டவருக்கும், எவற்றை ஏழைக்கும், எவற்றை அயலானுக்கும் கொடுப்பது என்று பிள்ளைகளோடு பேசி முடிவு செய்யுங்கள். கறுப்பு எழுத்தில் இருக்கும் நம் திருநாட்களைப் பிள்ளைகளின் கையாலேயே வட்டமிடச் செய்யுங்கள். விடுமுறையை அரசாங்கம் தரும். அதைத் திருநாளாக்குவது நம் குடும்பத்தின் பொறுப்பு.

ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.