அவையச்சமும் அகக்காட்சியும்



அச்சம் என்பது உயிரின் இயல்பன்று. அது வினையின் விளைவு. மோகனீய வினையின் பிரிவுகளாக நம் ஆசாரியர்கள் எடுத்துரைத்த ஒன்பது நோகஷாயங்களுள் பயமும் ஒன்று. மேகம் கதிரவனை மறைக்கலாம். ஆனால் மேகம் கதிரவனின் பகுதியாகிவிடாது. அறிதலும் காண்டலுமே உயிரின் குணம். நடுங்குதல் அதன் குணம் அன்று. இவ்வுண்மையை முதலில் உள்ளத்தில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

நற்காட்சியுடையோர் எழுவகை அச்சங்களினின்றும் நீங்கியவர் எனச் சமயசாரத்தில் குந்தகுந்த ஆசாரியர் அருளினார். இம்மை, மறுமை, காப்பின்மை, மறைவின்மை, மரணம், வேதனை, எதிர்பாரா நிகழ்ச்சி ஆகியவை பற்றிய அச்சங்களே அவை என்பது நம் உரைமரபு. சுவேதாம்பர மரபின் தாணாங்க சூத்திரமும் எழுவகை அச்சம் கூறுகின்றது. அவ்வரிசையில் ‘அச்லோக பயம்’ என ஒன்று உண்டு. புகழ் கெடுமோ, பிறர் இகழ்வரோ என அஞ்சுதல் என்பது அதன் பொருள். திருக்குறளின் எழுபத்து மூன்றாம் அதிகாரம் ‘அவையஞ்சாமை’ எனப் பெயர் பெற்றிருப்பதும் இந்த அச்சத்தை நினைந்தே அன்றோ? இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டது இதனையே.

தசலட்சண பர்வத்தின் பத்து நாட்களிலும் நம் ஜினாலயங்களில் நாளுக்கு ஓர் அறமாக இளைஞர்களைப் பேசச் சொல்கிறோம். அப்போது தூணுக்குப் பின் மறைபவர் சிலர். பர்வம் முடியும் வரை கோயிலுக்கே வாராதிருப்பவரும் உண்டு. தேர்வில் முதன்மை பெற்றும் நேர்முகத்திற்குச் செல்ல அஞ்சி வீட்டிலேயே தங்கிவிடும் பெண்களும் உளர். ‘கூச்ச சுபாவம்’ என்று நாம் சிரித்து விடுகிறோம். ‘அடக்கமான பிள்ளை’ என்று பாராட்டியும் விடுகிறோம். அடக்கம் வேறு, அச்சம் வேறு. அடக்கமுடையவன் பேச வேண்டிய இடத்தில் பேசுவான். அஞ்சுபவனோ பேச விரும்பியும் பேச இயலாமல், இரவெல்லாம் அதனையே நினைந்து வருந்துவான். ஆண்டுகள் செல்லச் செல்ல அவன் வாழ்வின் எல்லை சுருங்கிக்கொண்டே வரும். இது சிறிய துன்பம் அன்று.

மருத்துவ உலகம் இதனை ஒரு நோயாக ஏற்றுக்கொண்டது அண்மைக் காலத்திலேயே. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில் இது தனிப்பெயர் பெற்றது. 1995-இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்னும் உளவியலறிஞர் இருவர் இந்நோய் நிலைபெறும் விதத்தை விளக்கினர். அவர் கூற்றின் சாரம் இது: அவையில் நிற்கும்போது அஞ்சுபவனின் கவனம் அவையின் மேல் இருப்பதில்லை, தன் மேலேயே திரும்பிவிடுகிறது. நெஞ்சின் படபடப்பையும் நாவின் வறட்சியையும் கொண்டு, தான் பிறர்க்கு எப்படித் தோன்றுகிறோம் என்று ஒரு சித்திரத்தை மனத்துள் தீட்டிக்கொள்கிறான். வியர்த்து, வெளிறி, உளறி நிற்கும் ஓர் உருவம்! 1998-இல் ஆன் ஹேக்மன் முதலியோர் நடத்திய ஆய்வும் இதனை உறுதி செய்தது. இந்நோயர் பலர் அத்தருணத்தில் தம்மைத் தம் கண்வழியே காண்பதில்லை. எதிரே நிற்கும் ஒருவர் காண்பதுபோல் வெளியிலிருந்தே காண்கின்றனர்.

அன்பர்களே, இதனைக் கேட்டவுடன் நம் நூல்களின் ‘பகிராத்மா’ என்னும் சொல் நினைவிற்கு வரவில்லையா? உடலையே தான் என்று கருதி, வெளியில் நின்று தன்னை அளப்பவனைப் பகிராத்மா என்றும், உடலின் வேறாகிய அறிவே தான் என்று உள்நின்று உணர்பவனை அந்தராத்மா என்றும் நம் ஆசாரியர்கள் பகுத்தனர். அவையில் அஞ்சுபவன் பாவி அல்லன்; பார்வை இடம் மாறி நிற்பவன். எனவே அவனுக்கு வேண்டுவது கண்டனம் அன்று, பார்க்கும் இடத்தை மாற்றிக்கொள்ளும் பயிற்சியே.

நிச்சங்கித அங்கத்திற்குச் சான்றாகக் கூறப்படும் அஞ்சன சோரன் கதையை நாம் அறிவோம். மரத்தில் நூற்றெட்டு இழைகளால் கட்டிய உறி. அதன் கீழே முனை மேல்நோக்கி நட்ட படைக்கலங்கள். மந்திரத்தை ஓதிக்கொண்டே உறியில் அமர்ந்து இழைகளை அறுத்தால் வித்தை கைகூடும் என்பது சோமதத்தன் பெற்ற உபதேசம். அவன் ஏறுவான், கீழே நோக்குவான், தான் அம்முனைகளில் வீழ்ந்து கிடப்பதாக ஒரு காட்சி மனத்தில் எழும், இறங்கி விடுவான். மீண்டும் ஏறுவான், மீண்டும் இறங்குவான். அங்கு வந்த அஞ்சனனோ உபதேசத்தைக் கேட்டான், நம்பினான், ஒரே வீச்சில் அனைத்தையும் அறுத்தான், வானில் எழுந்தான். உறியும் ஒன்றே, படைக்கலமும் ஒன்றே. இருவர் மனத்திலும் இருந்த காட்சிதான் வேறு. எல்லோராலும் ஒரே வீச்சில் அறுக்க இயலாது. அது குற்றமும் அன்று. ஒவ்வோர் இழையாக அறுக்கவும் வழி உண்டு.

அவ்வழியை மருத்துவர்களும் கண்டுள்ளனர். ஜோசப் வோல்பே என்பவர் 1958-இல் வெளியிட்ட நூலில், உடலைத் தளர்த்தி அமைதியாக இருந்து, அஞ்சும் காட்சிகளைச் சிறியது முதல் பெரியது வரை படிப்படியாக மனத்தில் கொணரும் முறையை விளக்கினார். பின்வந்தோர் பழைய நினைவையே மருந்தாக்கும் முறையை வகுத்தனர். பள்ளியில் பாடம் ஒப்பிக்கும்போது நா தடுமாற, வகுப்பே சிரித்த ஒரு நாள் ஒருவன் நெஞ்சில் தைத்திருக்கலாம். அக்காட்சியை மனத்தில் மீண்டும் கொணர்ந்து, இன்று வளர்ந்து நிற்கும் தானே அதனுள் நுழைந்து, அச்சிறுவன் அருகில் அமர்ந்து, “ஒரு சொல் தவறியதால் நீ குறைந்தவன் ஆகவில்லை” என்று ஆறுதல் கூறுவதாகப் பாவிக்கச் செய்கின்றனர். நிகழ்ந்தது மாறாது, அதற்கு நாம் தந்த பொருள் மாறும். நோயர் பேசுவதை ஒளிப்பதிவு செய்து, அயலார் ஒருவரைக் காண்பதுபோல் காணச் செய்வதும் உண்டு. மனத்தில் தீட்டிய உருவத்திற்கும் மெய்யான உருவத்திற்கும் உள்ள தொலைவை அப்போது அவர்களே கண்டு வியக்கின்றனர்.

மனக்காட்சியைக் கருவியாகக் கொள்ளுதல் நமக்குப் புதியதன்று. சுபசந்திரரின் ஞானார்ணவமும், பன்னிரண்டாம் நூற்றாண்டினரான ஹேமசந்திரரின் யோகசாத்திரமும் பிண்டஸ்த தியானத்தின் ஐந்து தாரணைகளை விரித்துரைக்கின்றன. முதலாவது பார்த்திவி: அலையும் ஓசையும் அற்ற பாற்கடல், அதன் நடுவே ஆயிரம் இதழ்ப் பொற்றாமரை, மேருவை ஒத்த பொகுட்டின் மேல் வெண்ணிற அரியணை, அதில் தான் அமைதியாக வீற்றிருப்பதாகப் பாவித்தல். அடுத்து ஆக்னேயி: உந்தியில் எழும் தீ, நெஞ்சில் கவிழ்ந்திருக்கும் எண்வினைத் தாமரையை எரித்தல். பின் காற்று சாம்பலை அகற்ற, மழை எஞ்சியதைக் கழுவ, இறுதியில் தூய ஆன்மா தனித்து ஒளிர்தல். வினையை வெல்ல அமைந்த இத்தியானத்தை வெறும் மேடைக் கூச்சத்திற்கு மருந்தாகச் சுருக்கிவிடலாகாது. எனினும் அதில் பயின்ற மனம் அவையிலும் கலங்காது நிற்கும் என்பதில் ஐயமில்லை.

இல்லறத்தார் செய்யத்தக்கது எளிது. ஒரு முகூர்த்தமாகிய நாற்பத்தெட்டு நிமிடச் சாமாயிகத்தின் முடிவில், அலையற்ற அக்கடலைச் சிறிது நேரம் நினையுங்கள். பின்னர் ஒரு சிறிய காட்சியைக் கொணருங்கள்: அண்டை வீட்டார் இருவரிடம் பேசுதல் போதும். வெளியிலிருந்து உங்களை நோக்காமல், உங்கள் கண்வழியே அவர்களை நோக்குங்கள். அவர்களும் நம்மைப் போல வினைவழி உழலும் உயிர்களே. அவர்களுக்கும் அச்சம் உண்டு. ‘எல்லா உயிர்களிடத்தும் நட்பு’ என்னும் மைத்திரி பாவனை இங்கே துணை நிற்கும். நட்பாக நோக்கும் கண்ணுக்கு அவை ஒரு நீதிமன்றமாகத் தோன்றாது. அக்காட்சி எளிதான பின்பு, அதனைச் செயலில் செய்து பாருங்கள். அப்போது தாளை இறுகப் பற்றுதல், தலை கவிழ்தல், விரைந்து முடித்தல் ஆகிய பழைய கவசங்களைச் சிறிது சிறிதாகக் கைவிடுங்கள். அதன் பிறகே அடுத்த இழை.

ஓர் எச்சரிக்கை. கைதட்டலும் மாலையும் பெறுவதாகக் கனவு காணாதீர்கள். அது மானகஷாயத்தை வளர்க்கும். கைதட்டல் கிட்டாதபோது அச்சம் இரட்டிப்பாகும். இகழ்ச்சியின் சித்திரமும் புகழ்ச்சியின் சித்திரமும் ஒரே சுவரில் தீட்டப்பட்டவை. நாம் நாடுவது உள்ளதை உள்ளவாறு காணும் நற்காட்சியையே. குரல் சிறிது நடுங்கினாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தேன் என்னும் மெய்யான காட்சியே போதுமானது.

பெரியோர்களுக்கும் ஒரு சொல். அஞ்சும் குழந்தையை மேடைக்கு இழுத்து நிறுத்தி, தடுமாறும்போது நகைப்பது இம்சையே. கையால் செய்வது மட்டும் இம்சை அன்று. நாம் நகைத்த ஒரு நொடியை அவன் முப்பது ஆண்டு சுமக்க நேரிடலாம். முதலில் அவனை ஒரு வரி படிக்கச் சொல்லுங்கள். பிழையைத் தனியே திருத்துங்கள்.

அச்சம் கல்வியையும் பணியையும் குடும்பத்தையும் தடுக்கும் அளவிற்கு முற்றினால், தியானம் மட்டும் போதும் என்று காலம் கடத்தலாகாது. கொடிய நினைவுகளைத் தனியே கிளறவும் கூடாது. மனநல மருத்துவரை நாடுவது நாணத்தக்கதன்று. நோய்க்கு மருந்துண்ணும் சிராவகன் அறத்தினின்று வழுவுவதில்லை. மைய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவச மனநல உதவியை 14416 என்ற எண்ணில் பெறலாம்.

அன்பர்களே! குந்தகுந்தர் தவமியற்றியதாக நாம் போற்றும் பொன்னூர் மலை வந்தவாசிக்கு அருகிலேயே உள்ளது. அங்கே சென்று திருவடியை வணங்கும் நாம், அவர் சொன்ன அஞ்சாமையை மட்டும் மலைமேலேயே விட்டு இறங்கலாமா? பிறர் கண்ணில் நம்மைத் தேடுவதை விடுவோம். உள்நின்று காண்போம். வரும் தசலட்சணத்தில், தூணுக்குப் பின் நிற்கும் ஒருவரேனும் முன்வந்து ஒரு வரி பேச, நாம் அனைவரும் அன்போடு செவிசாய்ப்போமாக.

அறம் ஓங்குக! எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!